ஏட்டில் மூன்று, நடப்பில் இரண்டு

டெல்லி முனிர்காவின் குறுகிய சந்துகளில் வாடகை அறைகளில் குடியிருந்துகொண்டு, எய்ம்ஸும் சப்தர்ஜங்கும் பக்கத்திலேயே இருக்கின்றன என்ற தைரியத்தில் காலம் தள்ளும் நம்மவர்களுக்கு, சிறுநீரகம் செயலிழந்துவிட்டது என்று வைத்தியர் சொல்லும் நாளில்தான், ஆஸ்பத்திரி அருகில் இருப்பது வேறு, சிகிச்சை கைக்கெட்டுவது வேறு என்ற உண்மை புலப்படுகிறது.

டயாலிசிஸ் வியாதியைத் தீர்ப்பதன்று. சிறுநீரகம் இரவு பகலாகச் செய்துவந்த வேலையில் ஒரு பகுதியை மட்டும் இயந்திரம் செய்து தருகிறது. கையில் தமனியையும் சிரையையும் இணைத்து உண்டாக்கிய ஃபிஸ்துலாவில் இரண்டு ஊசிகளைச் செருகி, ஏறத்தாழ 120 லிட்டர் திரவத்தைச் செலவிட்டு, 4 மணி நேரம் இரத்தத்தைச் சுத்திகரித்த பின் எடை பார்த்தால், இரண்டு மூன்று கிலோ குறைந்திருக்கும். அவ்வளவும் உடம்பில் தேங்கிய நீர்.

2016ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில், ஏழைகளுக்கு இலவசமான தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தபோது, ஆண்டுதோறும் புதிதாக 2.2 லட்சம் பேர் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த நிலையை அடைகின்றனர் என்றும், அதனால் 3.4 கோடி டயாலிசிஸ் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்றும், ஒரு தடவைக்குச் சுமார் 2,000 ரூபாய் வீதம் வருஷத்துக்கு 3 லட்சத்துக்கு மேல் செலவாகிறது என்றும் நிதியமைச்சர் அருண் ஜேட்லி கூறினார். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு வருஷத்தில் ஏறக்குறைய 155 தடவை, அதாவது வாரத்துக்கு மூன்று தடவை என்று வருகிறது. சர்க்காரின் கணக்கு சரியான கணக்கே. ஆனால் நம் தேசத்து நோயாளிகளில் அநேகர் வாரத்துக்கு இரண்டு முறைதான் செய்துகொள்கின்றனர்.

சிறுநீர் இன்னும் ஓரளவு பிரிகிறவர்களுக்கு, வைத்தியரின் ஆலோசனைப்படி, இரண்டு முறை சில காலம் போதுமானதாக இருக்கலாம்; அதை நிர்ணயிக்க வேண்டியது இரத்தப் பரிசோதனையே அன்றி மணிபர்ஸ் அன்று. இடைவெளி நீள நீள உடம்பில் நீரும் பொட்டாசியமும் ஏறுகின்றன. அக்கினியாய்க் கொளுத்தும் டெல்லியின் மே மாதத்தில், தாகத்துக்கு இளநீரும் ஆகாது என்று விலக்கப்பட்டு, தண்ணீரையும் அளந்து குடிக்கும் மனிதர், நடுநிசியில் மூச்சுத் திணறி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இயந்திரங்களைப் பெருக்கினால் மட்டும் இக்குறை தீராது. 2021இல் பாலா சாஹிப் குருத்வாராவில், 100 படுக்கைகளுடன், கட்டணம் வசூலிக்கும் கவுண்டரே இல்லாமல் சீக்கியப் பெருமக்கள் டயாலிசிஸ் ஆஸ்பத்திரி திறந்தது போற்றத்தக்க தர்மம். எனினும் முனிர்காவிலிருந்து அங்கே போய்த் திரும்பும் ஆட்டோ செலவும், துணைக்கு வருபவர் இழக்கும் நாட்கூலியும், இரத்தம் ஊற நடுநடுவே போடும் ஊசியின் விலையும் குடும்பத்தின் தலையிலேயே விழுகின்றன. அதே ஆண்டில் தமிழகம் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, வயிற்றின் வழியே வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸுக்கான திரவப் பைகளை நோயாளியின் இல்லத்துக்கே கொண்டுபோய்க் கொடுக்க முற்பட்டது. பிரயாணமும் சிகிச்சையின் ஓர் அங்கம் என்பதை உணர்ந்த ஏற்பாடு அது.

தலைநகரமும் அவ்வழியே செல்ல வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் வரத்தக்க இரவு முறையும், ஏழை நோயாளிக்கும் துணைவருக்கும் பயணப்படியும், தகுதியுள்ளோருக்கு வீட்டு டயாலிசிஸும் தரப்படல் அவசியம். மூன்று என்று கணக்கிட்ட சர்க்கார், மூன்றாவது முறைக்கும் நோயாளி வந்து சேர வழி செய்யாதவரை, தேசிய டயாலிசிஸ் திட்டத்தை இலவசம் என்று சொல்வதற்கில்லை.