டாக்டர் தம்பி, தண்ணீர்த் தொட்டியையும் பாருங்க!

டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை என்றால் ஸ்டெதாஸ்கோப்பும் வார்டும்தான் நம் ஞாபகத்துக்கு வரும். வியாதி வராமலே தடுக்கும் படிப்பும் அதே எம்.பி.பி.எஸ்.சில் இருக்கிறது. அதன் பெயர் சமூக மருத்துவம்.

2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் நல்ல காரியம் ஒன்று செய்தது. மாணவர்கள் முதல் வருடத்திலிருந்தே கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனிக்கணும் என்றது. திட்டம் சரி. ஆனால் பஸ்சில் போய் இறங்கி, பிரஷர் பார்த்து, நோட்டில் குறித்துக்கொண்டு திரும்பினால் அது படிப்பா, பிக்னிக்கா?

கொசு நோய்களை ஆராய 1985-லேயே மத்திய அரசு மையம் தொடங்கிய ஊர் மதுரை. டெங்கு கொசு சாக்கடையைத் தேடிப் போகாது. டிரம், சிமெண்டுத் தொட்டி, பழைய டயரில் தேங்கிய நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிரசவ ஆஸ்பத்திரி! முட்டை உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீரைக் கொட்டினால் போதாது. வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவணும்.

"தினம் குழாயில தண்ணி வந்தா நாங்க ஏன் தம்பி பிடிச்சு வைக்கிறோம்?" என்று மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் கேட்டால், மாணவர் என்ன சொல்வார்? அந்தக் கேள்விதான் பாடம். அதை ஊராட்சிக்கும் சுகாதார நிலையத்துக்கும் கொண்டுபோவதுதான் பரீட்சை.

பேராசிரியர்களே, நோட்டைப் பார்த்து மட்டும் மார்க் போடாதீங்க. அந்த வீட்டுத் தொட்டிக்கு மூடி வந்துச்சா என்று பார்த்துப் போடுங்க!

நாமும், வாசலுக்கு வரும் பிள்ளைகளை "இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை, போங்க" என்று விரட்டாமல், தொட்டியைத் திறந்து காட்டுவோம்.