அச்சுக்குப் போடும் காசு வீண்காசல்ல

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் குருநாகலிலிருந்து ஒரு மொத்த வியாபாரி எனக்குத் தொலைபேசி எடுத்தார். மேசையில் பூட்டிக் கைப்பிடியால் சுற்றுகின்ற தேங்காய் துருவி ஆயிரம் வேண்டும், ஒரு மாதத்துக்குள் தர முடியுமா என்று கேட்டார். அந்த நாட்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியிருந்தது. வங்கிகளில் டொலர் இல்லாததால் கடன் கடிதம் திறப்பதே பெரும்பாடாக இருந்தது. வெளிநாட்டுத் துருவி வருவது ஏறத்தாழ நின்றுவிட்டது. உள்ளூர்ச் சாமானுக்கு அது ஒரு நல்ல காலமாக இருந்தது.

இருபது வருடமாக நான் அலுமினியச் சாமான் வாங்கும் பட்டறைக்கு அன்றே போனேன். பாஸும் இரண்டு பையன்களும்தான் அங்கு வேலை. மண்ணில் அச்சுப் போட்டு, உருக்கி ஊற்றி, அராவி முடிக்க ஒரு நாளைக்கு 25 துருவிதான் வரும். பாஸ் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். "நாநா, ராப்பகலா நிண்டாலும் ஆயிரத்துக்கு நாப்பது நாள் வேணும்" என்றார். மாதம் 25 வேலை நாள். கடைசியில் 600 கொடுத்தேன். மிச்சத்தை அந்த வியாபாரி வேறு இடத்தில் எடுத்துக்கொண்டார். அடுத்த ஓடரும் அந்த வேறு இடத்துக்கே போனது.

உலை இருந்தது. உருக்குவதற்குப் பழைய அலுமினியம் இருந்தது. தொழில் தெரிந்த கை இருந்தது. வாங்குவதற்கு ஆளும் இருந்தார். இல்லாமல் போனது வேகமாக வார்ப்பதற்கான ஓர் அச்சு மட்டுமே. அதன் பின்னர் நான் பட்ட அனுபவத்தை எமது வர்த்தகர்களும் சிறு கைத்தொழில் செய்வோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகின்றேன்.

மண் அச்சும் இரும்பு அச்சும்

மண் அச்சு ஒரு தடவைதான் உழைக்கும். மாதிரிக் கட்டையை வைத்து ஈர மண்ணை இடித்து இறுக்க வேண்டும். கட்டையைப் பதமாக அசைத்து எடுக்க வேண்டும். உலோகம் ஓட வழி வெட்டி, இரண்டு பெட்டியையும் பொருத்தி, ஊற்றி, ஆறிய பின்னர் மண்ணை உடைக்க வேண்டும். அடுத்த துருவிக்கு மீண்டும் முதலிலிருந்து ஆரம்பம். ஊற்றும் வேலை சில விநாடிகள்தான். நேரமெல்லாம் மண்ணிலேயே போகின்றது. மண்ணில் வார்த்த சாமான் சொரசொரப்பாக வருவதால் அராவுவதற்கும் அதே அளவு நேரம் வேண்டும்.

நிரந்தர அச்சு என்பது வார்ப்பிரும்பில் அல்லது உருக்கில் செய்த இரண்டு பாதிகள். மூடி, ஊற்றி, இறுகியதும் திறந்து சாமானை எடுத்துவிட்டு மீண்டும் மூட வேண்டியதுதான். அலுமினியம் 660 பாகையில் உருகும், 700 முதல் 750 பாகைக்குள் ஊற்றுவார்கள். வார்ப்பிரும்பு உருக 1,100 பாகைக்கு மேல் வேண்டும் என்பதால் அச்சு தாங்கும். இரும்பு வெப்பத்தை விரைவாக இழுத்துக்கொள்வதால் உலோகம் சீக்கிரம் இறுகுகின்றது. அப்படி இறுகும்போது அதன் மணிகள் நுண்ணியதாக அமைந்து, சாமான் மண் வார்ப்பை விட உறுதியாகவும் இருக்கின்றது.

இது புதிய வித்தையுமல்ல. சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் 1953இல் கண்டெடுக்கப்பட்ட வார்ப்பிரும்பு அச்சுகள் இரண்டாயிரம் வருடங்களுக்கும் முந்தியவை. விவசாயக் கருவிகளை அவற்றில் வார்த்திருக்கின்றார்கள். பத்திரிகைகள் ஈய எழுத்தைக் கோத்து அச்சடித்த காலத்தில், அந்த ஒவ்வோர் எழுத்தும் உலோக அச்சில் வார்க்கப்பட்டதுதான். ஓர் எழுத்துக்கு ஒரு தடவை மண் பிசைந்திருந்தால் எந்தப் பத்திரிகையும் வெளிவந்திருக்காது.

நான் விட்ட பிழை

2023இல் கையில் இருந்த காசைப் போட்டு இரும்பு அச்சு ஒன்று செய்வது என்று முடிவெடுத்தேன். நன்றாக விற்ற ஒரு துருவியைக் கொண்டுபோய் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து, "இதை அப்படியே இரும்பில் குடைந்து தாருங்கள்" என்றேன். பாஸ் தடுத்தார். "நாநா, அவசரப்பட்டு இரும்ப வெட்டாதீங்க. மண்ணுல பொறுக்கிறது இரும்புல பொறுக்காது" என்றார். அவருக்குத் தன் தொழில் போய்விடும் என்ற பயம் என்று நான் நினைத்தேன். இரண்டு இலட்சத்துக்கு மேல் செலவாகி அச்சும் வந்தது.

முதல் நாள் ஊற்றிய துருவியின் கால் பாதியிலேயே நின்றது. இரண்டாவது அச்சை விட்டு வரவில்லை, சுத்தியலால் தட்டி எடுத்தோம். மூன்றாவதில் கைப்பிடி பூட்டும் இடம் வெடித்திருந்தது. அன்று பத்துத் தடவை ஊற்றியும் விற்கக்கூடிய ஒன்று கிடைக்கவில்லை. பாஸ் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உடைந்தவற்றைப் பொறுக்கித் திரும்பவும் மூசைக்குள் போட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பிழை இரும்பிலும் இல்லை, லேத்காரரிலும் இல்லை. மண்ணுக்கென்று அமைந்த சாமானை இரும்பில் வார்க்க நினைத்த என்னிலேயே பிழை. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த பாஸின் மருமகன் வந்து பார்த்து எனக்கு விளங்கப்படுத்தியவற்றைச் சுருக்கமாகத் தருகின்றேன்.

முதலாவது, சாய்வு. மண்ணை உடைத்துச் சாமானை எடுக்கலாம், இரும்பை உடைக்க முடியாது. ஆகவே அச்சின் ஒவ்வொரு பக்கமும் வெளிநோக்கி இரண்டு மூன்று பாகையாவது சாய்ந்திருக்க வேண்டும். உலோகம் ஆறும்போது சுருங்கி உள்ளே இருக்கும் பகுதியைக் கவ்விப் பிடிப்பதால் உட்பக்கத்தில் சாய்வு இன்னும் கூடுதலாக வேண்டும். என் மாதிரித் துருவியின் பக்கங்கள் நேராக இருந்தன.

இரண்டாவது, தடிப்பு. தடிப்பு இரண்டு மடங்கானால் இறுகும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். என் துருவியின் கால் மெல்லியது, கைப்பிடி பூட்டும் இடம் தடித்தது. மெல்லிய இடம் முதலில் இறுகிவிட, தடித்த இடம் பின்னர் சுருங்கும்போது அதற்கு ஊட்ட உலோகம் இல்லை. மண் சற்று விட்டுக்கொடுக்கும், இரும்பு கொடுக்காது. அதனால்தான் வெடிப்பு வந்தது. தடிப்பை எங்கும் ஒரே அளவுக்குக் கொண்டு வர வேண்டும். முடியாத இடத்தில், கடைசியாக இறுகும் பகுதிக்கு மேலே மேலதிக உலோகம் நிற்க ஒரு குழி விட வேண்டும்.

மூன்றாவது, காற்று. மண்ணுக்குள் காற்றுப் போகும், இரும்புக்குள் போகாது. இரண்டு பாதிகளும் சேரும் முகத்தில் 0.2 மில்லிமீற்றர் அளவு ஆழத்தில் கோடுகள் வெட்டினால் அவற்றால் காற்று வெளியேறும், உலோகம் வெளியேறாது. உலோகம் வரும் வழியும் முக்கியமானது. மேலேயிருந்து நேராக ஊற்றினால் அது தெறித்துக் கசடையும் காற்றையும் சேர்த்து இழுத்துச் செல்லும். கீழிருந்து அமைதியாக ஏறி வருமாறு வழி வைக்க வேண்டும்.

நான்காவது, சூடும் பூச்சும். நாங்கள் குளிர்ந்த அச்சில் ஊற்றினோம். கால் பாதியில் நின்றதற்கு அதுவே காரணம். ஊற்றுவதற்கு முன்னர் அச்சை 200 பாகைக்கு மேல் சூடாக்க வேண்டும். ஈரம் சிறிதும் இருக்கக் கூடாது. ஈரத்தில் உருகிய உலோகம் பட்டால் நீராவி வெடித்து ஊற்றுபவரின் முகத்திலேயே அடிக்கும். அத்துடன் உருகிய அலுமினியம் இரும்பை மெல்ல மெல்லத் தின்னும். ஆகவே சுண்ணத் தூள் அல்லது டல்க் போன்றவற்றைச் சோடியம் சிலிக்கேற்றில் கரைத்து உட்புறம் பூச வேண்டும். மெல்லிய இடத்தில் பூச்சைச் சற்றுத் தடிப்பாகவும், தடித்த இடத்தில் மெல்லியதாகவும் பூசினால் இறுகும் நேரத்தையும் ஓரளவு சமப்படுத்தலாம்.

இன்னொன்றும் உண்டு. அலுமினியம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்று அளவில் சுருங்கும். வார்த்த சாமானையே மாதிரியாக வைத்தால் அடுத்தது அதைவிடச் சிறியதாக வரும். பிறகு ஆணியும் அலகும் பொருந்தாது.

இரண்டாவது தடவை

முதல் அச்சைப் பழைய இரும்புக்கு நிறுத்துக் கொடுத்தேன். இம்முறை ஆறுதலாக நடந்தோம். முதலில் துருவியின் உருவத்தையே மாற்றினோம். மரத்தில் மாதிரி செய்து, பாஸ் அதை மண்ணில் வார்த்துப் பார்த்தார். உலோகம் எங்கே தயங்குகின்றது, எங்கே குழி விழுகின்றது என்பதை உடைத்துப் பார்த்துச் சொன்னவர் அவர்தான். மூன்று தடவை மரத்தைத் திருத்தினோம். மரத்தைத் திருத்துவதற்குச் செலவு சில நூறு ரூபா. இரும்பைத் திருத்துவதென்றால் பல்லாயிரம். அதன் பின்னர்தான் அச்சின் இரண்டு பாதிகளையும் ஓர் இரும்பு வார்ப்புப் பட்டறையில் ஏறத்தாழ உரிய உருவத்திலேயே வார்த்து எடுத்து, முகத்தை மட்டும் மெசினில் செதுக்கினோம். முழு இரும்புக் கட்டையைக் குடைவதை விட அது மலிவாக முடிந்தது.

இப்போது நான்கு நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஊற்றுகின்றார்கள். சூடாக்கும் நேரமும் இடைவேளையும் போக, நாளைக்கு 90 அளவில் வருகின்றது. அராவும் வேலை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஒரு விடயத்தை மட்டும் நாங்கள் எதிர்பார்க்கவில்லை. அச்சு வேகமானதும் உலை பின்தங்கியது. பழைய மூசையால் ஈடுகொடுக்க முடியாமல் பெரியது ஒன்று வாங்க நேர்ந்தது. அச்சுக்குக் கணக்குப் போடுபவர்கள் உலைக்கும் சேர்த்தே போடுங்கள்.

யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம்?

எல்லோரும் இரும்பு அச்சுச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. உதாரணத்துக்கு அச்சுக்கு மூன்று இலட்சம் செலவாகின்றது, அதனால் ஒரு சாமானில் கூலியும் அராவலும் சேர்த்து 120 ரூபா மிச்சமாகின்றது என்று வைப்போம். போட்ட காசு திரும்பி வர 2,500 சாமான் விற்க வேண்டும். வருடத்துக்கு 300 விற்கும் பொருளுக்கு எட்டு வருடத்துக்கு மேல் செல்லும். அதற்கு மண்ணே போதும். அடிக்கடி மாடல் மாறும் சாமானுக்கும் மண்தான் சரி. அலுமினியத்துக்கு நன்றாகப் பராமரித்த அச்சு பல்லாயிரம் தடவை உழைக்கும். பித்தளை அதைவிடக் கூடிய சூட்டில் ஊற்றப்படுவதால் அதற்கு அச்சின் ஆயுள் குறைவு. பித்தளைச் சாமான் செய்பவர்கள் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும்.

2023 முதல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டன. வெளிநாட்டுத் துருவி இன்று என் கடைத் தட்டிலும் இருக்கின்றது. "அப்படியென்றால் அச்சுக்குப் போட்ட காசு என்னவாயிற்று?" என்று நண்பர்கள் கேட்கின்றார்கள். எமது துருவி இன்னும் விற்கின்றது. அலகு தேய்ந்தால் அலகு மட்டும் தருகின்றோம், கைப்பிடி உடைந்தால் கைப்பிடி மட்டும் தருகின்றோம். இன்னொரு 2022 வந்தால் நாற்பது நாள் கேட்க வேண்டிய நிலையும் இல்லை.

எமது வர்த்தகர்களிடம் ஒரு பழக்கம் இருக்கின்றது, என்னிடமும் இருந்தது. கப்பலில் வரும் சாமானுக்கு முழுக் காசையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டு இரண்டு மாதம் காத்திருப்போம். பக்கத்துத் தெருப் பாஸிடம் ஐந்து ரூபா குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவோம். அவர் அச்சுக்கு முற்பணம் கேட்டால் "அது உங்கட தொழில், நீங்களே பாத்துக்கோங்க" என்போம். அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் பட்டறைக்காரர் மூன்று இலட்சத்தை எங்கிருந்து எடுப்பார்? விற்கும் சந்தையை அறிந்தவர்கள் நாம், வார்க்கும் கை அவருடையது. அச்சில் முதலிட வேண்டியவர்களும் நாமே. கடைச் சரக்கைப் போல அதையும் ஒரு முதலாகக் கணக்கில் எழுதுங்கள்.

ஆனால் பேச்சை முதலிலேயே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அச்சு யாருக்குச் சொந்தம், பாஸ் அதில் வேறு கடைக்கு வார்க்கலாமா, பழுதானால் செலவு யாருடையது, இந்த மூன்றையும் எழுதாமல் ஆரம்பித்த நல்ல உறவுகள் முறிந்ததைக் கண்டிருக்கின்றேன். அத்துடன் காசை இரும்பில் போடுவதற்கு முன்னர் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். கட்டுபெத்தையில் கைத்தொழில் அபிவிருத்திச் சபை இருக்கின்றது. ஏக்கலையில் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் இருக்கின்றது. நான் போகாமல் இரண்டு இலட்சம் கொடுத்துப் படித்தேன்.

பாஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரும்பு அச்சு வந்தால் அவருக்கு வேலை இருக்காது என்று நினைத்தவன் நான். இன்று அவர் மண் இடிப்பது குறைவுதான். ஆனால் அடுத்த சாமானுக்கு மர மாதிரியைக் கையில் எடுத்து, "இந்த மூல தடிப்பு, வெடிக்கும்" என்று முதலில் சொல்பவர் அவரே. முதல் தடவை அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் ஓர் அச்சின் செலவு எனக்கு மிஞ்சியிருக்கும். உங்கள் பட்டறையிலும் அப்படி ஒருவர் இருப்பார். லேத்காரரிடம் போவதற்கு முன்னர் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.