சிறை முடிந்த பின் ஒரு தண்டனை

நெடுங்காலம் நிரந்தர வதிவுரிமையோடு வாழ்ந்தவர்களை, என்றோ இழைத்த குற்றத்தைக் காட்டி நாடு கடத்தும் வழக்கம் மேலைநாடுகளிலே வேரூன்றிவிட்டது. அமெரிக்கா 1996ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், அதற்கு முன்னரே தீர்ப்பாகிச் சிறைவாசமும் கழிந்துவிட்ட வழக்குகளைக் கூடத் தோண்டி எடுத்தது. பிரித்தானியாவின் 2007ஆம் ஆண்டுச் சட்டமோ, 12 மாதச் சிறைத்தண்டனை பெற்ற அந்நியரை வெளியேற்றுவதையே பொதுவிதியாக்கிற்று. குழந்தையாய் வந்து அங்கேயே படித்து வளர்ந்தவரும் இவ்வலையில் அகப்படலாம்.

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருக்கும் நமக்கு இதனால் என்ன என்று வாசகர் வினவக்கூடும். மலையகம் இந்தத் தண்டனையைக் குற்றமே இன்றிப் பெற்றது என்பதுதான் என் விடை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இம்மண்ணிற் பிறந்தவனிடமே அவன் தந்தையும் இங்கு பிறந்ததற்கு, இன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததற்குச் சான்று கேட்டது. பூட்டன் பிறந்த நாளில் லயத்துக் காம்பராவிலே பிறப்பைப் பதிந்தவர் யார்? 1964 ஒக்டோபர் 30இல் சிரிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது 9,75,000 பேரின் கதி பேசப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. தொழிலாளரை ஒரு வார்த்தை கேட்டாரில்லை. உறவினர் கதறலோடு தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகைவண்டிக்கு நம் மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டனர். அதைவிடப் பொருத்தமான பெயரை எந்தப் புலவனும் சூட்டியிருக்க முடியாது.

இத்தனைக்கும், நாடு கடத்தலை நீதிமன்றம் தடுத்த பெருமையும் இம்மலைநாட்டுத் தோட்டமொன்றின் கதையிலேயே உண்டு. மடுல்கலைப் பகுதியில் ரெலுகாஸ் தோட்டத்திலே தொழில் பயில வந்த பிரேஸ்கேடில் என்னும் வெள்ளை இளைஞர் தொழிலாளர் பக்கம் நின்றார். 1937இல் தேசாதிபதி அவரை நாடு கடத்தக் கட்டளையிட்டார். உயர்நீதிமன்றமோ அவ்வதிகாரம் செல்லாதென்று அவரை விடுவித்தது. வந்து ஏறக்குறைய ஓராண்டே ஆனவருக்குக் கிடைத்த அந்த நீதி, தலைமுறை தலைமுறையாய்க் கொழுந்தெடுத்தவர்களுக்குக் கிட்டவில்லை. கோடாக்கன்பிள்ளை வழக்கு பிரிவிக் கவுன்சில்வரை சென்று 1953இல் தோற்றது.

நம்மவர் இக்கதையைச் சொல்லும்போதெல்லாம், "நாங்கள் என்ன குற்றம் செய்தோம்?" என்று கேட்பது வழக்கம். உருக்கமான கேள்விதான்; ஆனால் அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. குற்றம் செய்தவனாயின் அனுப்பிவிடலாம் என்று அது ஒத்துக்கொள்கிறது. இளமையிலே களவாடிச் சிறை சென்று, திரும்பி வந்து முப்பது ஆண்டு உழைத்துப் பிள்ளைகளைக் கரையேற்றியவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அதே களவைச் செய்த குடியுரிமையுள்ள அயலான் சிறையிலிருந்து நேரே வீட்டுக்குப் போகிறான். இவனை மட்டும் விமானத்தில் ஏற்றுகிறார்கள். களவுக்கான தண்டனை இருவருக்கும் சமம். மேலதிகமாக இவனுக்குக் கிடைப்பது பிறந்த இடத்துக்கான தண்டனை. அன்று நமக்குக் கிடைத்ததும் அதுவே. அதில் அவன் மனைவி மக்களுக்கும் பங்குண்டு. அவர்களை எந்த நீதிபதி விசாரித்தார்?

எஞ்சியிருந்த நாடற்றோருக்கு உரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் யாருடைய பழைய வழக்கையும் புரட்டவில்லை. இந்திய வம்சாவளியினரான ஒருவர் 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாய் வாழ்ந்தவரா, அன்றேல் அவ்வாறு வாழ்ந்தவரின் வழிவந்து இங்கு வாழ்பவரா என்பதையே கேட்டது.