இந்தா வந்திட்டன்

என் வீட்டுப் பின்வாசலில் இப்போது கதவு இல்லை. ஒரு தகரமும் இரண்டு சீமெந்துச் சாக்கும் அந்த வேலையைப் பார்க்கின்றன. நிலையைக் கறையான் தின்று, பிணைச்சல் கழன்று, கதவு விழுந்து இன்றோடு இருபத்திரண்டு நாள். இருபத்திரண்டு நாளும் அக்கரைப்பற்று ஓடாவியாரிடமிருந்து ஒரே பதில்தான்: "இந்தா வந்திட்டன் சேர்."

வந்திட்டன். இறந்தகாலம். தொலைபேசியில் அவர் குரலுக்குப் பின்னால் மரம் அறுக்கிற இயந்திரம் அலறுகிறது. யாருக்கோ அலுமாரி ஆகிக்கொண்டிருக்கிறது. மனிதர் அங்கேதான் நிற்கிறார், ஆனால் வந்துவிட்டார்.

வேறு யாராவது என்றால் இந்த இடத்தில் வாய்விட்டுத் திட்டியிருப்பார்கள். எனக்கு அதற்கும் வழியில்லை. முப்பது வருசத்துக்கு மேல் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தவன் நான். அவர் பேசுவது இலக்கணப்படி சரி என்பது எனக்குத் தெரியும். தொல்காப்பியத்தின் வினையியலிலேயே ஓடாவியாருக்கு அனுமதி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இனி நடக்கப்போகிற ஒன்றை விரைவு கருதி நடந்து முடிந்ததாகச் சொல்லலாம். உரைகாரர்கள் காட்டுகிற உதாரணம் இன்னும் மோசம். சோற்றுக்கு முன்னால் குந்தியிருப்பவன், வாசலில் நின்று அவசரப்படுத்துகிறவனுக்கு உண்டேன், வந்தேன் என்று குரல் கொடுக்கிறான். நன்னூலார் விரைவோடு நிற்காமல் மிகுதி, தெளிவு என்று இன்னும் சில சாட்டுகளையும் சேர்த்துவிட்டார். இதற்குப் பெயர் கால வழுவமைதி. வழு என்றால் பிழை. அமைதி என்றால் அந்தப் பிழைக்கு மன்னிப்பு. எத்தனை தவணைப் பரீட்சைக்கு இந்தக் கேள்வியை நானே போட்டிருப்பேன்! விரைவுக்காகக் கொடுத்த சலுகையை இப்படித் தாமதத்துக்குப் பாவிப்பார்கள் என்று அந்தப் புலவர்களுக்கு யார் சொல்வது?

நிகழ்காலம் என்பதே நம் மொழிக்குச் சற்றுப் பிந்தி வந்த விருந்தாளிதான். சங்கப் பாடல்களில் கிறு, கின்று என்ற நிகழ்கால இடைநிலைகளைக் காண்பது அரிது. செய்யும் என்ற ஒரே வடிவம் இன்றைக்கும் உதவும், நாளைக்கும் உதவும், என்றென்றைக்கும் உதவும். அந்தப் பழக்கம் இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். அக்கரைப்பற்றில் பொத்துவில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, எப்ப எடுக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "இப்ப எடுக்கிறதுதான்." அந்த இப்பவுக்குள் சாரதி தேத்தண்ணி குடித்து வருவார், மீன்பெட்டி ஒன்று ஏறும், கொண்டக்டர் யாருடைய மச்சானோ வருகிறான் என்று காத்து நிற்பார். தம்பிலுவிலைத் தாண்டி நான் திருக்கோவிலில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். அந்த இப்ப மட்டும் இன்னும் முடிந்திருக்காது.

1890 இல் உளவியல் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய அமெரிக்கர் வில்லியம் ஜேம்ஸ், நாம் உணர்கிற நிகழ்காலம் கத்திமுனை அல்ல, அதற்கு ஓர் அகலம் உண்டு என்றார். சில விநாடிகள், மிஞ்சிப்போனால் ஒரு நிமிசம் என்று அளவும் சொன்னார். ஒரு பாட்டைப் பாட்டாகவும் ஒரு வசனத்தை வசனமாகவும் நாம் கேட்பது அந்த அகலத்தால்தான். இல்லாவிட்டால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்து செத்துப்போகும். நல்ல விளக்கம்தான். மனிதர் எங்கள் பக்கத்து ஓடாவியார்களிடம் வேலை கொடுத்துப் பார்க்கவில்லை.

இப்ப என்பதாவது பரவாயில்லை. மறுகா என்றொரு சொல் வைத்திருக்கிறோமே! மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வந்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: பிறகு என்று பொருள். இதை முடித்துவிட்டு மறுகா அது என்றால் ஒழுங்கான வரிசை. எதையும் தொடங்காமல் "மறுகா பாப்பம்" என்றால் அது எதற்குப் பிறகு? வாற வெள்ளி என்பதும் அப்படித்தான். புதன்கிழமை நின்று சொன்னால் அது நாளையிண்டைக்கா, அதற்கடுத்த கிழமையா? ஓடாவியார் என்னிடம் வாற வெள்ளி என்று சொன்ன பிறகு மூன்று வெள்ளி வந்துவிட்டன. அவர் வரவில்லை. கேட்டால், "வெள்ளி ஜும்ஆ சேர், தெரியும்தானே" என்கிறார். தெரியும். வெள்ளி என்று சொன்னது நானல்லவே.

சரி, இவர்களை மட்டும் சொல்லி என்ன? அரசாங்கமே எங்களோடு இப்படி விளையாடியிருக்கிறது. 1996 இல் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்ற, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று மே 25 அன்று நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணிநேரம் முன்னுக்குத் தள்ளினார்கள். ஒக்டோபர் 26 இல் அரை மணியைத் திருப்பித் தந்தார்கள். மிச்ச அரை மணியை ஒன்பது வருசத்துக்கு மேல் வைத்துக்கொண்டு, 2006 சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு, ஏப்ரல் 15 இல்தான் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் என் வகுப்புக்குத் தூரத்திலிருந்து வந்த பிள்ளைகள் விடியாமலே வெளிக்கிட்டு வரும். முதல் பாடத்தில் பாதி வகுப்பு கொட்டாவி விடும். நான் நிகழ்காலம் படிப்பித்துக்கொண்டிருப்பேன்.

இதில் எனக்குள்ள எரிச்சல் கொஞ்சம் விசேடமானது. இலங்கையின் கிழக்கு எல்லை எங்கள் ஊருக்குத் தெற்கே இருக்கிற சங்கமன்கண்டி முனை. அதாவது, இந்த நாட்டுக்குச் சூரியன் வருவது எங்கள் கடலோரத்து வழியாக. உலக நேரத்துக்கு ஐந்தரை மணி முந்திய எங்கள் பழைய கணக்கு 82.5 பாகை நெடுங்கோட்டுக்கு உரியது. நாங்கள் இருப்பது 82 பாகைக்குச் சற்றே மேற்கே. ஆகவே பழைய நேரம் எங்கள் சூரியனுக்குச் சராசரியாக மூன்று நிமிசத்துக்குள் ஒத்துப்போகும். கொழும்புக்கே பத்து நிமிசம் பிசகும். நாட்டிலேயே மணிக்கூடும் சூரியனும் பெரும்பாலும் சண்டையில்லாமல் இருந்த கரை இதுதான். அதைத்தான் குழப்பினார்கள். 1996 இன் அந்த ஐந்து மாதமும் சூரியன் உச்சிக்கு வரும்போது கையில் ஏறக்குறைய ஒரு மணி.

அதற்குமேல் மட்டக்களப்பில் இன்னொரு கூத்து. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை. பெயரிலேயே நேரத்தை வைத்த சனம் நாங்கள். படுவான்கரைப் பக்கம் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அரசாங்கத்தின் புது நேரத்தை ஏற்கவில்லை. எழுவான்கரையில் எட்டரைக்குத் தோணி ஏறினால் படுவான்கரையில் எட்டு மணி சொச்சத்துக்கு இறங்கலாம். ஒரு கூட்டத்துக்கோ கலியாணத்துக்கோ அழைத்தால் முதல் கேள்வி, பழைய நேரமா புது நேரமா என்பதுதான். பிந்தி வருகிறவனுக்கு அதைவிட நல்ல சாட்டு கிடைக்குமா? புத்தாண்டு பிறக்கிற நேரத்துக்கே வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று என்று இரண்டு கணக்கு வைத்திருக்கிறவர்களுக்கு மூன்றாவது கணக்கு பாரமாகத் தெரியவில்லை.

நான் மறக்க நினைத்தும் முடியாத ஒரு கணக்கு உண்டு. 2004 டிசம்பர் 26. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி பிளந்தபோது எங்கள் சுவர் மணிக்கூட்டில் காலை 6.59. அன்றைக்கு நாடு இன்னும் அந்த அரை மணிக் கடனில்தான் இருந்தது. இன்றைய மணிக்கூட்டுக்கு அது 6.29. இரண்டு மணிநேரம் ஆகுமுன் கடல் எங்கள் தெருக்களுக்குள் நின்றது. தெற்கே, காலிப் பக்கம் அது போய்ச் சேர்ந்தது அதன் பிறகு. இப்போது வருசாவருசம் நாடு முழுவதும் 9.25 தொடக்கம் 9.27 வரை இரண்டு நிமிசம் மௌனம். நானும் எழும்பி நிற்கிறேன், நிற்காமல் என்ன? ஆனால் எங்கள் கரையில் அந்த நேரத்துக்கு எல்லாம் முடிந்திருந்தது. சனம் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்த நேரம் அது. அதிலும் மணிக்கூட்டைப் பிறகு அரை மணி பின்னுக்கு எடுத்துவிட்டார்கள். இன்றைய 9.25 அன்றைய 9.55. நாங்கள் மௌனம் காப்பது எந்த நிமிசத்துக்கு என்று யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் கணக்கு வாத்தியார் என்பார்கள்.

அந்தக் காலை எவ்வளவு நேரம் நீண்டது என்று கேட்டால் ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். அதிலே பொய் இல்லை. டேவிட் ஈகிள்மன் என்ற மூளை ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஆட்களை 31 மீற்றர் உயரத்திலிருந்து வலைக்குள் விழவிட்டுப் பார்த்து 2007 இல் எழுதினார்கள். மற்றவர்கள் விழுந்ததைவிடத் தாங்கள் விழுந்தது 36 சதவீதம் நீளம் என்று விழுந்தவர்கள் கணித்தார்கள். ஆனால் விழும்போது கண்ணுக்கு எதுவும் மெதுவாகத் தெரியவில்லை. நீண்டது நினைவுதான். அதனால்தானோ என்னவோ எங்கள் பக்கம் வருசத்துக்கு இலக்கம் ஒட்டுவதில்லை. சூறாவளிக்கு முந்தி, சூறாவளிக்குப் பிந்தி என்பார்கள். 1978 நவம்பர் 23. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குச் சுனாமிக்கு முந்தி, பிந்தி.

நான் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிற ஒரு மணிநேரமும் ஓடாவியார் அலுமாரிக்குப் பலகை சீவுகிற ஒரு மணிநேரமும் ஒரே நீளம் அல்ல. எவ்வளவு நேரம் என்று தீர்மானிக்கிறவர் அவர், அதை முழுசாகச் செலவழிக்கிறவன் நான். ஆஸ்பத்திரி வரிசையிலும் இதுதான், கந்தோர் வாங்கிலிலும் இதுதான். கொஞ்சம் பொறுங்க என்று சொல்கிறவர் ஒருநாளும் பொறுத்திருப்பவர் அல்ல.

நேரம் தெரியாத மனிதர் என்று அவரை நினைத்துவிடாதீர்கள். போன வருசம் நோன்பு துறக்க என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். கஞ்சிக் கோப்பைகள் வரிசையாக இருக்கின்றன, பேரீச்சம்பழம் கையில் இருக்கிறது, கொழும்பு வானொலி ஓதிக்கொண்டிருக்கிறது. கொழும்புக்குப் பொழுது படுவது எங்களுக்கு ஏறத்தாழ எட்டு நிமிசம் பிந்தி. அதனால் வானொலியை அவர் நம்பவில்லை. சுவரில் தொங்கிய எங்கள் பகுதிக் கலண்டரையும் கைத்தொலைபேசியையும் மாறிமாறிப் பார்த்தார். பள்ளியில் பாங்கு சொன்னதும் பழம் வாய்க்குப் போனது. ஒரு விநாடி முந்தவில்லை, பிந்தவில்லை. சேர், துறங்க என்று என்னையும் அவசரப்படுத்தினார். அன்றைக்கு அவர் வாயில் மறுகா வரவேயில்லை. அந்த இப்பவைக் கண்ணால் பார்த்தவன் என்பதால்தான் எனக்கு ஆதங்கம் கூட.

நேற்றுப் பின்னேரம் உண்மையாகவே வந்தார். தகரத்தை விலக்கி நிலையைத் தட்டிப் பார்த்தார். அளவுநாடாவை இழுத்தார்.

"முந்தி ஒருக்கா அளந்ததுதானே சேர். எப்ப அளந்த நான்?"

"சூறாவளிக்கு முந்தி" என்றேன்.

மனிதர் வயிறு குலுங்கச் சிரித்தார். அளவைத் தீப்பெட்டியில் எழுதிக்கொண்டார். மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே, "யோசிக்காதீங்க, நாளைக்குப் பூட்டினதுதான்" என்றார்.

நாளைக்கு. பூட்டினது. தகரத்தை நானே இழுத்துச் சாத்திவிட்டு, நாய் வராமல் சாக்குக்கு மேல் ஒரு கல்லும் வைத்தேன்.