இணைக்கும் முன் கேளுங்கள்

பிரான்சில் இன்றைக்கும் சுமார் 35,000 கொம்யூன்கள் இருக்கின்றன. பாதிக்கு மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை. அத்தனைக்கும் தனித்தனியாக மேர், மன்றம், மேரி உண்டு. (புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காக: மேர் என்றால் ஊர் மன்றத் தலைவர், மேரி அவருடைய அலுவலகம்.) இத்தனை எதற்கு, பத்து ஊரை ஒன்றாக்கினால் செலவு மிச்சமாகுமே என்று அங்கே ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அரசாங்கக் கோப்புகளோடு காலம் தள்ளியவன் என்பதால் அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. எண்பது பேர் வாழும் ஊர் தன் குடிநீர்க் குழாயைத் தன் பணத்தில் மாற்றிக்கொள்ள முடியுமா? ஆகவே இணைப்பே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். எப்படி இணைக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

1971-ல் மர்செலான் என்ற உள்துறை அமைச்சர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். எந்த ஊரை எதோடு சேர்ப்பது என்று மாவட்டம்தோறும் பிரெஃபே, அதாவது அரசின் பிரதிநிதி, திட்டம் போட்டார். ஊர்கள் மசியவில்லை. சேர்ந்தவற்றிலும் சில பிறகு பிரிந்து போயின. மேர் எடுக்கும் முடிவுகளின் மேல் பிரெஃபேக்கு இருந்த பிடியையே 1982 மார்ச் 2-ஆம் தேதியச் சட்டம் தளர்த்திவிட்டது. அதிகாரப் பரவலாக்கம் என்று அங்கே பேசுவது அந்த நாளிலிருந்துதான்.

2010-ல் வேறு வழி கண்டார்கள். எல்லா மன்றங்களும் ஒப்புக்கொண்டால் இணையலாம். சில மறுத்தால் வாக்காளர்களைக் கேட்க வேண்டும். இணைந்த பிறகும் பழைய ஊரின் பெயரை வைத்துக்கொள்ளலாம், அங்கே ஒரு துணை மேரியும் இருக்கலாம். பிறப்பைப் பதிவதும் கல்யாணம் முடிப்பதும் பழைய இடத்திலேயே நடக்கும். இது சின்ன விஷயமில்லை. சான்றிதழில் தன் ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று மனிதன் தேடுவான். கூடவே, இணைகிறவர்களுக்கு அரசு மானியம் குறையாது என்று 2015-ல் உறுதியும் கொடுத்தார்கள். நார்மண்டியில் லிவாரோவைச் சுற்றி 22 ஊர்கள் ஒன்றாயின. 2017-ல் அன்சி நகரமும் பக்கத்து ஊர்கள் ஐந்தும் சேர்ந்தன.

மாகாணங்கள் விஷயத்தில் இந்தப் பொறுமையைக் காணோம். அல்சாஸில் 2013 ஏப்ரலில், மாகாண மன்றத்தையும் இரண்டு மாவட்ட மன்றங்களையும் ஒன்றாக்கலாமா என்று மக்களைக் கேட்டார்கள். தேர்வு பெறவில்லை. சரி, விட்டுவிடுவார்கள் என்றுதானே நினைப்போம்? 2016 ஜனவரி 1 முதல் 22 மாகாணங்களை 13 ஆக்கியபோது, அல்சாஸைக் கேட்காமலேயே இன்னும் பெரிய ஒன்றுக்குள் தள்ளிவிட்டார்கள். அதற்கு வைத்த பெயர் 'கிராந்த் எஸ்த்', பெரிய கிழக்கு. திசையை எங்கேயாவது ஊருக்குப் பெயராக வைப்பார்களா? 2021-ல் அந்த இரண்டு மாவட்டங்களையும் சேர்த்து அல்சாஸ் பெயரில் ஓர் அமைப்பைத் தந்தார்கள். ஆனாலும் அது அந்தப் 'பெரிய கிழக்கு'க்குள்ளேதான் இருக்கிறது.

இங்கே என்ன நிலைமை? 1880-ஆம் ஆண்டு ஆணையின்படி நமக்கும் கொம்யூன்கள் வந்தன. பிற்காலத்தில் ஐந்து பகுதிகளிலும் சேர்த்து 17 இருந்தன. முதலியார்பேட்டையே தனிக் கொம்யூன், இன்று அது புதுச்சேரி நகராட்சிக்குள் அடக்கம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில், இந்தியாவோடு இணைவதா என்று வாக்களித்தவர்கள் யார்? பிரதிநிதி சபையினரும் புதுச்சேரி, காரைக்கால் கொம்யூன் மன்றத்தினருமாக 178 பேர். 170 பேர் ஆம் என்றார்கள், 8 பேர் இல்லை என்றார்கள். நாட்டோடு சேரும் பெரிய இணைப்பையே ஊர் மன்றத்தினரைக் கேட்டு முடித்த மண் இது.

அந்த மண்ணில் உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் நடந்தது, பிறகு 38 வருஷம் கழித்து 2006-ல் நடந்தது. 2011-ல் பதவிக்காலம் முடிந்தது, அதோடு சரி. ஐந்து நகராட்சிகளும் பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளும் ஆணையர்கள் கையில் இருக்கின்றன. ஆணையர்கள் திறமையானவர்களாகவே இருக்கட்டும், அவர்களை அனுப்புவது மேலிடம், தெருவிளக்கு எரியாத தெருக்காரன் அல்ல. நாளைக்கே புதுச்சேரியையும் உழவர்கரையையும் ஒன்றாக்கலாம் என்று யாராவது கோப்பு எழுதினால், பிரான்சாக இருந்தால் இரண்டு மன்றங்களும் கூடி வாக்களிக்க வேண்டும். இங்கே கூட்டுவதற்கு மன்றமே இல்லை.