அது விளையாடவில்லை, தம்பி

நீளமான பதிவு. ஆனால் நாளைக்கு என்று வைக்காமல் இன்றைக்கே வாசியுங்கள், காரணம் இருக்கிறது.

நேற்று இஷாவுக்குப் பிறகு நம் ஊர் வட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. பெரிய பிளாஸ்டிக் பேசினுக்குள் ஒரு பச்சோந்தி. மன்னார் றோட்டில் வாகனத்துக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்ததாம். "காப்பாற்றி" வீட்டுக்குக் கொண்டுவந்து நாலு நாளாம். பேசினின் மூலையை முன்னங்காலால் கீறுகிறது, விழுகிறது, எழும்பித் திரும்பவும் கீறுகிறது. பின்னால் பாட்டு வேறு. கீழே வரிசையாகச் சிரிப்பும் இதயமும். "டான்ஸ் ஆடுது" என்று ஒருவர். "நல்ல மனம், அல்லாஹ் கூலி தருவான்" என்று இன்னொருவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கீறலை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். அதன் முடிவையும் பார்த்திருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன், இதே ஒக்டோபர் கடைசி. (ஒக்டோபர் கடைசி என்றால் நம் சனத்துக்கு வேறொரு ஞாபகமும் வரும். அதற்குப் பிறகு வருகிறேன்.) என் தரம் 7 மாணவன் ஒருவன் அட்டைப் பெட்டியோடு வந்தான். சிலாவத்துறைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது அவனுடைய வாப்பா றோட்டில் கண்டு, அடிபட்டுச் செத்துப்போகுமே என்று இரக்கப்பட்டு, பெட்டிக்குள் வைத்து, நூறு கிலோமீற்றருக்கு மேல் கொண்டுவந்திருந்தார். கல்வியியற் கல்லூரியில் விஞ்ஞானம் படித்த எனக்குப் பெருமை தாங்கவில்லை. வகுப்பறையின் மூலையில் மரக்கறிக் கூடையைக் கவிழ்த்து, ஒரு பூவரசம் கொப்பு வைத்து, "உயிருள்ள பாடநூல்" என்று பெயரும் எழுதி ஒட்டினேன்.

முதல் நாளே நிறமாற்றம் காட்டினேன். சிவப்புத் துணியில் வைத்தேன், நீலத் தாளில் வைத்தேன். அது கறுத்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பச்சோந்தி வைத்த இடத்தின் நிறத்துக்கு மாறும் விலங்கே அல்ல. வெப்பம், வெளிச்சம், பயம், கோபம், மற்றப் பச்சோந்திக்குச் சொல்லும் செய்தி, இவற்றுக்குத்தான் அதன் தோல் மாறும். அன்று அது கறுத்தது பயத்தில். ஒரு விஞ்ஞான ஆசிரியன் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு விலங்கின் பயத்தை வித்தையாகக் காட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு புது நோய் கண்டுபிடித்தோம். சாப்பிடவில்லை, ஆகவே பூச்சித் தொல்லை. வயிறு பருத்திருந்தது, ஆகவே மலச்சிக்கல். ஒருவர் தேன் தடவச் சொன்னார். கண் உள்ளே போனது, ஆகவே தண்ணீர்க் குறைபாடு; சிரட்டையில் தண்ணீர் வைத்தோம், அது திரும்பியும் பார்க்கவில்லை. கால் நடுங்கியது, ஆகவே கல்சியம். பார்மசியில் சின்னப் பிள்ளைகளுக்கான சிரப் வாங்கி, சிரிஞ்சால் வாய்க்குள் அடித்தேன். நான்தான் அடித்தேன். மறுநாள் வாயோரம் நுரை. இப்போது தடிமன் என்றோம். இடையில் எல்லா நாளும் அது கூடையின் அடியைக் கீறிக்கொண்டே இருந்தது. விளையாடுகிறது என்று பிள்ளைகள் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் காலையில் வகுப்பைத் திறந்தபோது செத்திருந்தது.

ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அவர் வயிற்றைத் திறந்து காட்டினார். வெள்ளையாக, புளியங்கொட்டை அளவில், தோல் போன்ற மெல்லிய ஓட்டோடு முட்டைகள். எண்ணினோம், இருபத்து மூன்று. "சேர், இது நோயில்லை. முட்டையிட மண் குடுக்கேல்லை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். கோபிக்கிறவர்கள் கோபிக்கலாம்.

பச்சோந்தி மரத்து விலங்கு. கொப்பைக் குறடுபோல் பற்றும் பாதமும் சுருளும் வாலும் அதற்காகத்தான். அப்படிப்பட்டது தரையில் இறங்கி, அந்த ஆடியசையும் நடையில் றோட்டைக் கடக்கிறது என்றால் வழிதவறி வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு வேலையாகப் போகிறது. மாரி தொடங்கி மண் இளகும் இந்தக் காலத்தில் வயிறு பருத்த பெண் ஒன்று இறங்கினால், அநேகமாக அது குழி தோண்டி முட்டையிடத்தான். அந்த நேரத்தில் அதைத் தூக்கி வாகனத்தில் ஏற்றுவதற்குப் பெயர் மீட்பு அல்ல. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு தாயை வழியில் மறித்து, றோட்டில் வாகனம் அதிகம், எங்கள் வீட்டில் இரு என்று அறைக்குள் பூட்டுவது போன்றது அது. மண் கிடைக்காவிட்டால் முட்டையை அடக்கிவைத்துக்கொள்ளும். அடக்கிவைத்த முட்டை அதைக் கொல்லும்.

"மீட்ட" பச்சோந்திக்கு நாம் கண்டுபிடிக்கும் நோய்களில் பெரும்பாலானவை நாம் கொடுத்த நோய்கள். இது என் அபிப்பிராயம் மட்டுமல்ல, ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

தண்ணீர். பச்சோந்திக்குப் பாத்திரத்தில் நிற்கும் தண்ணீர் தண்ணீராகவே தெரியாது. இலையில் பனித்துளியோ மழைத்துளியோ உருளும்போதுதான் நக்கிக் குடிக்கும். நாம் சிரட்டை வைத்துவிட்டுக் குடிக்கிறதில்லை என்கிறோம். கண்மேடு குழிந்து போவதும், எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி செம்மஞ்சளாவதும் அதனால்தான். மருந்து என்ன? அடியில் ஊசியால் துளையிட்ட ஒரு தண்ணீர்ப் போத்தல், இலைக்கு மேலே சொட்டுச் சொட்டாக. அவ்வளவுதான். வாய்க்குள் அடிக்கவே கூடாது. மூச்சுத் துவாரம் வாய்க்குள்ளேயே இருக்கிறது, தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். பிறகு வாயைப் பிளந்து, தலையை மேலே தூக்கி, குமிழி விட்டு மூச்செடுக்கும். அந்த நிலைக்கு வைத்தியர் எழுதித் தரும் மருந்துதான் வேண்டும். பார்மசியில் கேட்டு வாங்கும் அன்டிபயோட்டிக் அல்ல.

எலும்பு. முழங்கால் வளைவது, தாடை ரப்பர்போல் ஆவது, நடுக்கம், கொப்பைப் பிடிக்க முடியாமல் விழுவது, நாக்கை நீட்ட முடியாமல் போவது, எல்லாம் ஒரே நோயின் முகங்கள். உடனே கல்சியம் என்று ஓடுகிறோம். வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகும்; அது இல்லாவிட்டால் உண்ட கல்சியம் உடம்பில் சேராது. கண்ணாடி ஜன்னலுக்குள்ளால் வரும் வெயிலில் அந்தக் கதிர் இல்லை. வெளிநாட்டில் இதற்கென்று விலையுயர்ந்த பல்ப் வாங்குகிறார்கள். யாழ்ப்பாணத்தில், இந்த வெயிலில், ஒரு விலங்குக்கு வெயில் இல்லாத நோய் வருகிறது என்றால் அதைப் பூட்டிவைத்த ஆளைத்தான் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அதற்காகப் பிளாஸ்டிக் பெட்டியோடு முற்றத்தில் வைத்துவிடாதீர்கள், உள்ளேயே வெந்துவிடும். நிழலும் பக்கத்தில் இருக்க வேண்டும், தானே நகர்ந்து போகக்கூடியதாக.

சாப்பாடு. சோறு, பப்பாசி, அவித்த முட்டை, எல்லாம் கொமெண்டில் எழுதியிருக்கிறீர்கள். அது உயிருள்ள, அசையும் பூச்சியைத்தான் பிடிக்கும். வெட்டுக்கிளி பிடித்துக் கொடுக்கலாம்தானே என்றால், எந்தத் தோட்டத்து வெட்டுக்கிளி? வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நாம் அடிக்கிற மருந்து நமக்குத் தெரியாதா?

பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் தூக்கம் என்று நினைக்காதீர்கள். பகலில் தூங்கும் பச்சோந்தி கடுமையான வருத்தத்தில் இருக்கிறது. வயிற்றுப் புழு காட்டு விலங்கு எல்லாவற்றிலும் இருக்கும், காட்டில் அது அடங்கிக் கிடக்கும். பயமும் பட்டினியும் சேர்ந்தால்தான் தலைதூக்கும். பயத்தை விட்டுவிட்டுப் புழுவுக்கு மருந்து தேடுகிறோம்.

"அப்ப சேர், றோட்டில விட்டுட்டு வாறதோ? லொறி அடிக்காதோ?" இதைத்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. வாகனத்தை ஓரமாக நிறுத்துங்கள். ஒரு தடியை முன்னால் நீட்டினால் தானே ஏறிக்கொள்ளும். அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்துப் பற்றைக்குள் விடுங்கள். வந்த பக்கம் விட்டால் திரும்பவும் றோட்டுக்குத்தான் வரும். இரண்டு நிமிட வேலை. போன் பொக்கற்றிலேயே இருக்கட்டும்.

உண்மையிலேயே அடிபட்டிருந்தால்? காற்றுத் துளை போட்ட பெட்டி, உள்ளே பற்றிக்கொள்ள ஒரு கொப்பு, மேலே துணி. சாப்பாடு வேண்டாம், சிரப் வேண்டாம், பிள்ளைகளுக்குக் காட்டவும் வேண்டாம். வனசீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம் 1992. எடுத்த இடத்தைத் துல்லியமாகச் சொல்லுங்கள். வைத்தியரிடம் போகச் சொன்னால் போங்கள். நம் பக்கத்து மிருக வைத்தியர்கள் மாடும் ஆடும் நாயும் பார்க்கிறவர்கள்தான், ஆனால் அவர்களுக்குப் பேராதனையில் கேட்க ஆள் இருக்கிறது. நமக்கு இருப்பது யூடியூப்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பச்சோந்தி 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் காக்கப்படும் விலங்கு. பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். நாம் தெருவில் பச்சோந்தி என்று கைகாட்டுவது பெரும்பாலும் தலை சிவந்த ஓணானைத்தான். கண் இரண்டும் தனித்தனியே சுழலும் உண்மையான பச்சோந்தி இலங்கையில் ஒரே ஒரு இனம், அதன் விஞ்ஞானப் பெயரிலேயே இலங்கை இருக்கிறது: கமேலியோ சைலானிக்கஸ்.

கல்லெறிகிற தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. இப்ராஹீம் நபியின் நெருப்பை ஊதியது என்று சொல்லி ஓணானையும் பச்சோந்தியையும் அடிக்கிறீர்கள். அந்த ஹதீஸில் வரும் சொல் 'வஸக்', அது பல்லி. பச்சோந்திக்கு அரபியில் 'ஹிர்பா' என்று வேறு சொல் இருக்கிறது. மௌலவியிடம் கேட்டுப் பாருங்கள். அதோடு பூனையைக் கட்டிவைத்த பெண்ணின் ஹதீஸையும் கேளுங்கள். தானும் உணவு கொடுக்காமல், மண்ணிலுள்ள பூச்சியைத் தேடித் தின்னவும் விடாமல் வைத்திருந்ததற்குத்தான் அவளுக்குத் தண்டனை. அதை நான் எத்தனை தரம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், கூடைக்குப் பக்கத்தில் நின்றே சொல்லியிருக்கிறேன்.

ஒக்டோபர் கடைசி என்றேன். 1990இல் நம் பெற்றோரை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற்றினார்கள். நான் வளர்ந்தது புத்தளத்தில், ஓலைக் கொட்டிலில். சாப்பாடு தந்தவர்கள் இருந்தார்கள், இரக்கப்பட்டவர்கள் இருந்தார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நன்மை செய்வானாக. ஆனாலும் உம்மா கடைசிவரை கேட்டது சோனகத்தெரு வீட்டைத்தான். இதைப் பச்சோந்தியோடு ஒப்பிடுகிறான் என்று சிலர் கோபிப்பீர்கள். ஒப்பிடவில்லை. எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் கேட்டவர்களுக்குச் சொல்கிறேன்.

வீடியோ போட்ட தம்பி, உங்களை ஏசவில்லை. உங்கள் வாப்பாவோடு நான் படித்திருக்கிறேன், உங்கள் மனமும் எனக்குத் தெரியும். ஆனால் வீடியோவில் அதன் வயிற்றைப் பாருங்கள், இரண்டு பக்கமும் மேடு மேடாக இருக்கிறது. நாலு நாள் ஆகிவிட்டது. இப்போதே 1992க்கு எடுத்து, எங்கே எடுத்தீர்கள் என்று சொல்லி, என்ன செய்யச் சொல்கிறார்களோ அதைச் செய்யுங்கள். அவர்கள் வரும்வரை பேசினில் வைக்க வேண்டாம். ஒரு பெரிய வாளியில் ஒரு அடி ஆழத்துக்கு மணல் போட்டு, பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு ஈரமாக்கி, ஒரு கொப்பை நட்டு, அதற்குள் விடுங்கள். வாளியைத் துணியால் மறையுங்கள். யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம், உங்கள் தங்கச்சியும்தான்.

கொண்டுபோய் விடச் சொன்னால் எனக்கு அடியுங்கள். சுபஹுக்குப் பிறகு வாறன். மோட்டார் சைக்கிளும் பெற்றோலும் என்னுடையது.