எல்லைப் போராட்டத்தை ஒப்பிக்கும் பிள்ளைகள்

ஜூலை 18 நெருங்கினால் குமரி மாவட்டப் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை வந்துவிடும். தமிழ்நாடு நாளையொட்டி ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி. மாவட்ட அளவில் முதல் பரிசு ரூ.10,000, இரண்டாம் பரிசு ரூ.7,000, மூன்றாம் பரிசு ரூ.5,000. அரசு பணம் ஒதுக்குகிறது, அதிகாரிகள் ஓடியாடி ஏற்பாடு செய்கிறார்கள், பிள்ளைகளும் ஆர்வத்தோடு வருகிறார்கள். ஆனால் மேடை ஏறும்போது தெரியாத எதை அந்தப் பிள்ளை இறங்கும்போது தெரிந்துகொண்டு இறங்குகிறது?

நடப்பது எல்லோருக்கும் தெரியும். தமிழாசிரியரோ பெற்றோரோ நான்கு பக்கம் எழுதித் தருகிறார்கள். இப்போது அந்த வேலையைக் கைப்பேசியில் இருக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலி அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறது. பிள்ளை உருப்போட்டு, ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிக்கிறது. 1967 ஜூலை 18-இல் அண்ணா கொண்டுவந்த பெயர் மாற்றத் தீர்மானம், 1956 நவம்பர் 1-இல் குமரி தாய்த் தமிழகத்தோடு இணைந்தது, இணைப்புப் போராட்டத் தலைவர் மார்ஷல் நேசமணி என்று எல்லாம் வரிசையாக வரும். இடையில் நிறுத்தி, "அப்போ உங்க தாத்தா எந்த ஊர்ல இருந்தாரு மக்களே, அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு நின்றுவிடும்.

அறிவியலுக்கு மட்டும் வேறு நியாயம். 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொண்டு, களத்தில் இறங்கித் தகவல் திரட்டி, செய்ததையெல்லாம் நாட்குறிப்பில் எழுதி, நடுவர் முன் வைக்கிறார்கள். குளத்து நீரைச் சோதித்த பிள்ளையிடம் எத்தனை இடத்தில் நீர் எடுத்தாய் என்று நடுவர் கேட்கிறார். அதே பிள்ளை வரலாற்றுப் போட்டிக்கு வந்தால் அதன் குரல் வளத்துக்கும் கையசைவுக்கும் மதிப்பெண் போடுகிறோம். அறிவியலில் ஆராயத் தகுதியுள்ள 13 வயதுப் பிள்ளை வரலாற்றில் மட்டும் கிளிப்பிள்ளையாக இருந்தால் போதும் என்று யார் முடிவு செய்தது?

1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் இணைப்புக் கேட்டுப் போராடியவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டையே எடுத்துக்கொள்வோம். எத்தனை பேர் இறந்தார்கள்? ஒரு நூலில் ஓர் எண், இன்னொரு நூலில் வேறோர் எண், மேடையில் மூன்றாவதாக ஓர் எண். 'எல்லைப் போராட்டத் தியாகிகள்' என்று தலைப்புக் கொடுத்தால் பிள்ளை ஏதோ ஓர் எண்ணை மனப்பாடம் செய்து வரும். 'புதுக்கடையில் இறந்தவர்களின் எண்ணிக்கை ஏன் நூலுக்கு நூல் மாறுகிறது?' என்று கேட்டால் தேடத் தொடங்கும். ஆய்வுப் போட்டிக்குத் தயாராவதில் முதல் வேலை இதுதான். பெரிய தலைப்பை விட்டுவிட்டு, ஒரு பருவத்துக்குள் விடை தேடக்கூடிய சின்னக் கேள்வியைப் பிடிக்க வேண்டும்.

தேட இடமா இல்லை? இணைப்புக்காகக் குரல் கொடுத்த தினமலர் 1951 செப்டம்பர் 6-இல் திருவனந்தபுரத்தில்தான் பிறந்தது. அந்த நாளேட்டின் பழைய இதழ்கள் ஒரு பக்கம். திருவிதாங்கூர்-கொச்சி அரசின் ஆவணங்களும் சட்டமன்ற விவாதங்களும் இன்னொரு பக்கம். அப்போது ஆட்சியில் இருந்தது பட்டம் தாணு பிள்ளையின் பிரஜா சோசலிஸ்ட் அமைச்சரவை. அந்தக் கட்சியின் பொதுச்செயலாளரான ராம் மனோகர் லோகியாவே, அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்காகச் சொந்தக் கட்சி அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்று சொன்னார். கட்சி உடைவதில் போய் முடிந்த அந்தச் சர்ச்சை இந்திய அரசியல் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. நம் பிள்ளைகளின் பேச்சில் அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஒன்பது தாலுகா கேட்டவர்களுக்குத் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் கிடைத்தன. தேவிகுளமும் பீர்மேடும் நெய்யாற்றின்கரையும் சித்தூரும் போயின. ஏன் போயின என்பதை ஆராய ஒரு பள்ளிக்கு ஓராண்டு போதாது.

எல்லாவற்றையும்விட அவசரமானது ஆட்களின் நினைவு. 1954-இல் பத்து வயதாக இருந்தவர் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார். அவரிடம் போய், "நீங்கள் எவ்வளவு வீரமாகப் போராடினீர்கள்?" என்று கேட்டால் வீரவசனம்தான் கிடைக்கும். அன்றைக்குச் சந்தை கூடியதா, பேருந்து ஓடியதா, சத்தம் எந்தத் திசையிலிருந்து கேட்டது, வீட்டில் யார் கதவைச் சாத்தினார்கள் என்று கேட்க வேண்டும். ஒரே தெருவில் இருவரிடம் தனித்தனியாகக் கேட்டு, இரண்டும் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது என்று குறிக்க வேண்டும். விளவங்கோட்டுப் பக்கம் மலையாளம் பேசும் ஒரு பாட்டியிடமும் கேட்க வேண்டும். இணைப்பை அவர் குடும்பம் எப்படிப் பார்த்தது என்பதும் நம் மாவட்டத்தின் வரலாறுதான்.

ஆவணம் என்றால் அரண்மனையில்தான் இருக்கும் என்றில்லை. இம்மாவட்டத்தில் பல வீடுகளில் பழைய பிரமாணம் (நிலப் பத்திரம்) ஒன்று பத்திரமாக இருக்கிறது. திருவிதாங்கூர் முத்திரைத்தாளில் கொல்லம் ஆண்டு போட்டு எழுதப்பட்டது. ஆங்கில ஆண்டைக் கண்டுபிடிக்க, ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும் வரையுள்ள தேதியானால் கொல்லம் ஆண்டோடு 824-ஐக் கூட்ட வேண்டும். ஜனவரியிலிருந்து ஆடி முடிய என்றால் 825. இந்தச் சின்னக் கணக்கைக் கற்றுக்கொண்ட பிள்ளை, தன் வீட்டு மனையை யார் யாருக்கு விற்றார், எல்லை சொல்லும் இடத்தில் எந்தக் குளம் வருகிறது, அந்தக் குளம் இன்று எங்கே என்று கேட்கத் தொடங்கிவிடும். கோட்டாறு, வடிவீஸ்வரம் குளங்களைப் பற்றிப் பெரியவர்கள் கேட்கத் தவறிய கேள்விகளை அது கேட்கும்.

நாஞ்சில் நாட்டு வரலாற்றை எழுதியவர்கள் எல்லோரும் இப்படித் தேடியவர்கள்தான். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கல்வெட்டும் ஓலையும் தேடி அலைந்தவர். அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளை அவர் கவனத்துக்குக் கொண்டுவந்திராவிட்டால், அ.கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்திராவிட்டால், இந்த மண்ணில் மனிதனை மனிதன் விலைக்கு வாங்கியதற்கான எழுத்துச் சான்று நம் கைக்கு எட்டியிருக்காது. கே.கே. பிள்ளையின் சுசீந்திரம் கோயில் ஆய்வு கல்வெட்டுகளின் மேல் நிற்கிறது. முஞ்சிறை அருகே பார்த்திவசேகரபுரத்தில் 866-இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 95 மாணவர்களுக்கு ஒரு சாலை அமைத்தான். காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்ட அந்தக் கல்விச்சாலையில் யாரைச் சேர்க்க வேண்டும், மாணவர்கள் சண்டையிட்டால் என்ன தண்டம் என்பது வரை செப்பேட்டில் இருக்கிறது. திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையில் டி.ஏ. கோபிநாத ராவ் அதை அச்சிட்டு நூறாண்டுக்கு மேலாகிறது. அங்கே யார் படிக்க முடிந்தது, யாருக்குக் கதவு மூடியிருந்தது, 19-ஆம் நூற்றாண்டில் மயிலாடியிலும் நாகர்கோவிலிலும் மிஷன் பள்ளிகள் வந்தபோது என்ன மாறியது? ஒரு பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டையும் அந்தச் செப்பேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை இந்த ஒப்பீட்டைச் செய்ய முடியும்.

முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் ஜெர்மனியைப் பார்க்கட்டும். 1973-இல் குடியரசுத் தலைவர் குஸ்தாவ் ஹைனமனும் தொழிலதிபர் குர்ட் கோர்பரும் சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்கான வரலாற்றுப் போட்டியைத் தொடங்கினார்கள். இரண்டாண்டுக்கு ஒரு கருப்பொருள். 21 வயதுக்கு உட்பட்ட யாரும் கலந்துகொள்ளலாம். ஆறு மாத அவகாசம். ஆய்வு சொந்த ஊரையோ சொந்தக் குடும்பத்தையோ பற்றியதாக இருக்க வேண்டும். எங்கே தேடினோம், எங்கே தடுக்கப்பட்டோம், எதைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு பணி அறிக்கையும் கூடவே தர வேண்டும். இதுவரை பங்கேற்றவர்கள் 1 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேல். இந்த எண்ணைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒன்றரை லட்சம் பேர் தங்கள் பதின்வயதில் ஊர் ஆவணக் காப்பகத்தின் கதவைத் தட்டியிருக்கிறார்கள். நாஜிக் காலத்தைப் பற்றி ஜெர்மானியச் சமூகம் வாய் திறந்ததற்கு நீதிமன்றங்களைவிட, நாடாளுமன்றத்தைவிட, இந்தப் பிள்ளைகளே காரணம் என்பேன்.

பாசாவ் என்ற ஊரைச் சேர்ந்த அன்னா ரோஸ்முஸ் என்ற மாணவி 1980-இல் இந்தப் போட்டிக்காகத் தன் ஊரின் நாஜிக் காலத்தை ஆராயப் புறப்பட்டார். எதிர்த்து நின்றோம் என்று சொல்லிக்கொண்ட பெரிய மனிதர்கள் பலர் ஒத்துழைத்தவர்கள் என்று ஆவணங்கள் காட்டின. காப்பகம் கதவைச் சாத்தியது, அவர் நீதிமன்றம் போனார், மிரட்டல்கள் வந்தன, 1983-இல் புத்தகமே வெளியிட்டுவிட்டார். 1990-இல் அது திரைப்படமும் ஆனது. அமெரிக்காவில் 1974-இல் கிளீவ்லாந்தில் தொடங்கிய தேசிய வரலாற்று நாள் போட்டியில் ஆண்டுக்கு 5 லட்சம் பிள்ளைகள் ஆய்வு செய்கிறார்கள். நாம் ஒப்பிக்க வைத்துக் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

"ஆசிரியர்களுக்கு நேரமில்லை" என்பார்கள். கவிமணியும் ஆசிரியர்தான். ராமநாதபுரம் மாவட்டத்துத் திருப்புல்லாணி அரசுப் பள்ளியில் பிள்ளைகள் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தின் வழியாகக் கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொண்டார்கள். அங்கேயும் ஒரு நாளைக்கு இருபத்துநான்கு மணி நேரம்தான். "வரலாறு வல்லுநர்களின் வேலை" என்பவர்களோடு வாதாட ஒன்றுமில்லை.

மூன்றாவது ஆட்சேபம்தான் உண்மையானது. அதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. தேடினால் சாதி வரும். மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் வரும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2016-இல் ஒன்பதாம் வகுப்பில் அந்தப் போராட்டம் பற்றிய பாடப் பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி வராது என்று அறிவித்ததும், 2019-இல் பாடமே நூலிலிருந்து போனதும் இந்தப் பயத்தால்தான் என்றே எண்ணத் தோன்றுகிறது. மூடி வைத்ததால் யாருக்கு என்ன நன்மை? 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட பிரகடனத்தால் மேலாடை உரிமை கிடைத்தது என்று பிள்ளைகள் மேடையில் முழங்குகிறார்கள். மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை அந்தப் பிரகடனத்திலேயே இருந்தது. மூலத்தைப் படித்த பிள்ளைக்கு அது தெரியும், ஒப்பிக்கும் பிள்ளைக்குத் தெரியாது. சாதிச் சங்கங்கள் அச்சிட்டுத் தரும் துண்டு வரலாறுகளை இரண்டாவது பிள்ளைதான் நம்பும். ஆய்வுப் போட்டி கலவரம் உண்டாக்கும் என்று சொல்கிறவர்கள், தங்கள் துண்டறிக்கை அம்பலமாகிவிடும் என்று பயப்படுகிறவர்கள்.

ஆகவே அடுத்த ஆண்டு முதல் இம்மாவட்டத்தில் வரலாறு சார்ந்த பேச்சுப் போட்டிகளை அடியோடு நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தை ஆய்வுப் போட்டிக்குத் தர வேண்டும். ஆகஸ்ட் 11-இல் கருப்பொருளை அறிவித்து, மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறையான நவம்பர் 1-இல் ஆய்வுகளைக் காட்சிக்கு வைக்கலாம். நடுவே ஏறத்தாழ எண்பது நாள் இருக்கிறது. நூறு மதிப்பெண்ணில் நாற்பது மூல ஆவணங்களுக்கு, முப்பது நாட்குறிப்புக்கு, இருபது வாதத்துக்கு, பத்து மட்டும் பேச்சுக்கு. பத்தாண்டு இப்படி நடந்தால், எந்தக் கட்சியும் எந்தச் சங்கமும் பொய் எண்ணைச் சொல்லி இந்த மாவட்டத்தில் ஓட்டு வாங்க முடியாது.

1954 நிகழ்வு பற்றிய ஆவணங்களின் படிகளைத் திருவனந்தபுரத்திலிருந்து கேட்டுப் பெற்று நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் வைப்பது, மாவட்ட ஆட்சியரின் ஒரு கடிதத்தில் தொடங்கிவிடக்கூடிய காரியம். அந்தக் கடிதம் ஆடி முடிவதற்குள் போக வேண்டும்.